ஆடுகளத்தில் கால்வேகம்: அளப்பதும் வளர்ப்பதும்

(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். மேடையில் நேரம் கருதி விட்டுப்போன சில பகுதிகள் மலருக்காகச் சேர்க்கப்பட்டுள்ளன.)

பேரன்பிற்குரிய விழாத் தலைவர் அவர்களே, தலைமையாசிரியர் அவர்களே, ஆசிரியப் பெருமக்களே, பெற்றோர் ஆசிரியர் சங்கப் பொறுப்பாளர்களே, காலையில் வேலைக்காட்டுக்குப் போய்விட்டு வந்து, குளித்த கையோடு இங்கே வந்து உட்கார்ந்திருக்கும் தாய்மார்களே, தந்தைமார்களே, பரிசு வாங்கப் போகிற பிள்ளைகளே, இந்த ஆண்டு பரிசு வாங்காத பிள்ளைகளே, உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

பரிசு வாங்காத பிள்ளைகளைத் தனியாக அழைத்ததற்குக் காரணம் உண்டு. இன்று நான் பேச வந்திருப்பதே பெரும்பாலும் அவர்களைப் பற்றித்தான்.

"விளையாட்டைப் பற்றிக் கொஞ்சம் பேசுங்க சார்" என்று கேட்டுக்கொண்டார்கள். விளையாட்டினால் உடலுக்கு உறுதி, உள்ளத்துக்கு ஊக்கம் என்று பத்து நிமிடம் பேசிவிட்டு நான் இறங்கிவிடலாம். நீங்களும் கை தட்டிவிடுவீர்கள். ஆனால் அது உங்களுக்குத் தெரியாத சங்கதி அல்ல. ஆகையால் ஒரே ஒரு பொருளை எடுத்துக்கொண்டு, அதைக் கொஞ்சம் ஆழமாகப் பார்க்கலாம் என்று வந்திருக்கிறேன். டென்னிஸ் ஆடும் சிறுவர் சிறுமியரின் கால்வேகம். அது என்ன, அதை எப்படி அளப்பது, அதை எப்படிக் கூட்டுவது என்பதே அந்தப் பொருள்.

டென்னிஸ் என்றதும் பின்வரிசையில் ஒருவர் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துச் சிரிப்பது எனக்குத் தெரிகிறது. "நம்ம பிள்ளைங்களுக்கும் டென்னிசுக்கும் என்னாங்க சார் சம்பந்தம்?" என்று கேட்கத் தோன்றும். சம்பந்தம் உண்டு ஐயா. பழைய பெருந்தோட்டங்கள் பலவற்றில் துரைமார் கிளப் என்று ஒன்று இருந்தது. கிளப் என்றால் அங்கே டென்னிஸ் திடல் இருக்கும். அந்தத் திடலுக்கு உருளை இழுத்தவர்கள் யார்? புல் வெட்டிக் கோடு போட்டவர்கள் யார்? வலையைக் கட்டி அவிழ்த்தவர்கள் யார்? சாயங்கால வேளையில் பந்து பொறுக்கிக் கொடுத்த பையன்கள் யார்? நம் தாத்தாமார்தான். பந்து பொறுக்கும் பையனின் வேலையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். குனிந்து நிற்க வேண்டும். பந்து வந்த கணத்தில் பாய வேண்டும். நான்கு எட்டில் நிற்க வேண்டும். எடுத்த பந்தோடு பழைய இடத்துக்கே திரும்ப வேண்டும். டென்னிஸ் ஆட்டத்தில் கால் செய்ய வேண்டிய வேலையும் அச்சாக இதுதான். அந்தப் பையன்கள் எத்தனை வேகமாக ஓடினார்கள் என்று எவரும் கடிகாரம் பிடித்துப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டும் என்ற நினைப்பே அன்று யாருக்கும் வந்திருக்காது.

இன்று அளப்பதற்கு ஒன்றும் பெரிய செலவு இல்லை. இருந்தும் நாம் தவறான ஒன்றைத்தான் அளந்துகொண்டிருக்கிறோம் என்பது என் கருத்து. விளையாட்டுப் போட்டி நாளில் சிவப்பு இல்லம், நீல இல்லம் என்று பிரித்து 100 மீட்டர் ஓடவிடுகிறோம். முதலில் வந்த மூன்று பேர் "நல்லா ஓடுற பிள்ளைகள்". மற்றவர்களை உட்காரச் சொல்லிவிடுகிறோம். பிறகு பூப்பந்துக் குழுவுக்கும், வளைகோல் பந்துக் குழுவுக்கும், டென்னிஸ் பழகப் போவதற்கும் அதே மூன்று பெயர்கள்தாம். பத்து வயதில் உட்காரச் சொன்ன பிள்ளை, அநேகமாக அதற்குப் பிறகு எழுந்திருப்பதில்லை.

நேர் ஓட்டத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. நம் நாட்டு வீரர் டாக்டர் மணி ஜெகதீசன் 1968-ஆம் ஆண்டு மெக்சிகோ ஒலிம்பிக்கில் 200 மீட்டரை 20.92 விநாடியில் ஓடினார். அந்தத் தேசியச் சாதனை 2017 வரை, 49 ஆண்டுகள் அசையாமல் நின்றது. அதை நினைத்தால் இன்றும் நெஞ்சு நிமிர்கிறது. ஆனால் நேர் ஓட்டத்தின் இயல்பைப் பாருங்கள். உசேன் போல்ட் 2009-இல் பெர்லினில் 100 மீட்டரை 9.58 விநாடியில் ஓடியபோது, அவருடைய உச்ச வேகம் 60 மீட்டருக்கும் 80 மீட்டருக்கும் இடையில்தான் வந்தது. உலகத்திலேயே வேகமான மனிதருக்கு உச்ச வேகத்தை எட்ட அத்தனை தூரம் தேவைப்பட்டது. டென்னிஸ் திடலில் ஒற்றையர் ஆட்டத்தின் அகலம் 8.23 மீட்டர். நடுவிலிருந்து பக்கக் கோட்டுக்கு நான்கு மீட்டர் சொச்சம். அதற்குள் உச்ச வேகமாவது, இன்னொன்றாவது! கிளம்புவதற்குள் நிற்க வேண்டும். ஆகவே 100 மீட்டரில் முதலாவதாக வருகிற பிள்ளையை நம்பி டென்னிஸ் குழுவைத் தேர்ந்தெடுப்பது, நன்றாக லாரி ஓட்டுகிறார் என்பதற்காக ஒருவரைப் பால்வெட்டுக்கு அனுப்புவது போல.

பால்வெட்டு என்று சொன்னேன். இப்போது பெரும்பாலான தோட்டங்களில் செம்பனைதான். ஆனாலும் உங்களில் மூத்தவர்கள் பலர் வெட்டியிருப்பீர்கள். ஒரு நிரையில் நானூறு, ஐந்நூறு மரம். நல்ல வெட்டுக்காரர் கத்தியை வேகமாக இழுப்பதால் மட்டும் சீக்கிரம் முடிப்பதில்லை. ஒரு மரத்தை வெட்டி முடிக்கும்போதே அவர் உடம்பு அடுத்த மரத்துக்குத் திரும்பியிருக்கும். வீணாக ஒரு எட்டு வைக்க மாட்டார். வேகமாக நடப்பவர் போலவே தெரிய மாட்டார். ஆனால் ஸ்டோருக்கு முதலில் பால் கொண்டு வருகிறவர் அவராகத்தான் இருப்பார். ஆடுகளத்து வேகமும் இந்த ஜாதியைச் சேர்ந்தது.

இதைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் மனத்திலேயே போடலாம். எதிரே ஆடுகிறவன் மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் பந்தை அடிக்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். விநாடிக்கு 20 மீட்டர். திடலின் நீளம் 23.77 மீட்டர். காற்றுத் தடுக்கும், தரையில் பட்டு வேகம் குறையும். எல்லாம் சேர்த்துச் சுமார் ஒன்றரை விநாடியில் பந்து உங்களிடம் வந்துவிடும். அந்த ஒன்றரை விநாடிக்குள் கண் பார்த்து, மூளை முடிவு செய்து, கால் அசையத் தொடங்கவே ஐந்தில் ஒரு பங்கு விநாடிக்குக் குறையாமல் போய்விடும். மீதியில்தான் ஓடி, நின்று, மட்டையைப் பின்னால் இழுத்து அடிக்க வேண்டும். கிளம்புவதில் ஒரு பிள்ளை இன்னும் 0.2 விநாடி தாமதித்தால் என்ன ஆகும்? விநாடிக்கு 4 மீட்டர் ஓடுகிற பிள்ளைக்கு 80 செண்டிமீட்டர் நஷ்டம். பெரியவர்கள் பிடிக்கிற டென்னிஸ் மட்டையின் நீளமே 69 செண்டிமீட்டர்தான். ஒரு மட்டை நீளத்துக்கும் மேலாகப் பந்து தள்ளிப் போய்விட்டது! ஓடும் வேகத்தில் குறை இல்லை, கிளம்பியதில்தான் குறை.

ஆகவே ஆடுகளத்து வேகம் என்பது நாலு வேலை சேர்ந்தது. பந்து எங்கே வரும் என்று முன்கூட்டியே பார்ப்பது ஒன்று. முதல் எட்டு இரண்டாவது. விழாமல் நிற்பது மூன்றாவது. திரும்பி நடுவுக்கு வருவது நாலாவது. 100 மீட்டர் ஓட்டத்தில் இந்த நாலில் எதுவுமே சரியாகத் தெரியாது. அங்கே முதல் எட்டு உண்டு என்றாலும், துப்பாக்கிச் சத்தத்துக்குக் கிளம்புவது வேறு, எதிரியின் தோளைப் பார்த்துக் கிளம்புவது வேறு. பள்ளிகளில் எடுக்கிற செகாக் உடற்திறன் சோதனையில் பலகை ஏறி இறங்குவது, தண்டால், வயிற்றுப் பயிற்சி, உட்கார்ந்து கையை நீட்டுவது என்று பார்த்திருக்கிறோம். எல்லாம் நல்லவை. ஆனால் திரும்பி ஓடும் வேகத்துக்கு அதில் இடம் இல்லை.

சரி, எப்படி அளப்பது? அமெரிக்க டென்னிஸ் சங்கத்தின் பயிற்றுநர்கள் நெடுங்காலமாக ஒரு சோதனை வைத்திருக்கிறார்கள். சிலந்தி ஓட்டம் என்று அதற்குப் பெயர். நடுவிலிருந்து பல திசைகளுக்குக் கோடு போனால் சிலந்தி போலத் தோன்றும் அல்லவா, அதனால் அந்தப் பெயர். டென்னிஸ் திடல் இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். நம் பள்ளியின் சிமெண்டுப் பூப்பந்துக் களமே போதும்.

களத்தின் ஒரு பாதியை எடுத்துக்கொள்ளுங்கள். பின்கோட்டின் நடுவில், கோட்டுக்குப் பின்னால் சுண்ணாம்பால் ஒரு சிறிய கட்டம் போடுங்கள். அதுதான் வீடு. இனி ஐந்து இடங்களில் ஐந்து பழைய டென்னிஸ் பந்துகளை வைக்க வேண்டும். பந்து உருளும் என்றால் அரிசி அடைத்துத் தைத்த சின்னத் துணிப்பை வைக்கலாம். ஒற்றையர் பக்கக் கோடு பின்கோட்டைத் தொடும் வலது மூலை, அதே பக்கக் கோடு முன்பக்கத்துச் சர்வீஸ் கோட்டைத் தொடும் இடம், சர்வீஸ் கோட்டின் நடு, அதற்கு இடப்பக்கம், கடைசியாக இடது மூலை. பிள்ளை வீட்டில் கால் வைத்து நிற்க வேண்டும். "ஓடு" என்றதும் வலது மூலையில் தொடங்கி ஒவ்வொரு பந்தாக எடுத்து வந்து வீட்டில் வைக்க வேண்டும். எறியக் கூடாது, வைக்க வேண்டும். ஐந்தாவது பந்து தரையைத் தொட்டதும் கடிகாரத்தை நிறுத்துங்கள்.

அளந்து பார்த்தால் பூப்பந்துக் களத்தில் இந்த ஓட்டம் மொத்தம் சுமார் 41 மீட்டர் வரும். முழு டென்னிஸ் திடலில் 55 மீட்டர். தூரம் பெரிதல்ல. ஆனால் பத்து முறை கிளம்ப வேண்டும், பத்து முறை நிற்க வேண்டும், பத்து முறை குனிய வேண்டும். நீளக்கால் பிள்ளைகள் இங்கே திணறுவதையும், ஓட்டப் பந்தயத்தில் ஐந்தாவதாக வந்த குட்டைப் பிள்ளை வீட்டுக்கும் பந்துக்குமாகச் சுழல்வதையும் நீங்களே பார்க்கலாம். எல்லா நீளக்காலும் திணறும் என்று சொல்லவில்லை. வரிசை மாறும் என்றுதான் சொல்கிறேன்.

அளப்பதில் நேர்மை வேண்டும். கையால் பிடிக்கும் கடிகாரம் கொஞ்சம் பொய் சொல்லும். ஓட்டப்பந்தயத்திலேயே, கைக்கடிகார நேரத்தை மின்கடிகார நேரத்தோடு ஒப்பிடும்போது 100 மீட்டருக்கு 0.24 விநாடி கூட்டிக்கொள்வது வழக்கம். ஆகவே போன மாதத்தைவிட 0.1 விநாடி குறைந்துவிட்டது என்று இனிப்பு வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். அது உங்கள் கட்டைவிரலின் முன்னேற்றமாக இருக்கலாம். இரண்டு பேர் நேரம் பிடியுங்கள். ஒரு பிள்ளைக்கு மூன்று முறை ஓட்டம், ஒவ்வொரு முறைக்கும் நடுவில் முழுதாக மூன்று நிமிடம் ஓய்வு. அதே களம், அதே காலணி, ஏறக்குறைய அதே நேரம். ஈரமான சிமெண்டில் ஒருபோதும் வேண்டாம். கைப்பேசியில் படம் பிடித்தால் இன்னும் நல்லது. சாதாரணமாக விநாடிக்கு 30 படம் எடுக்கும். கிளம்பிய படத்திலிருந்து வைத்த படம் வரை எண்ணினால் உங்கள் கைவிரலை நம்ப வேண்டியதில்லை. கைப்பேசி இல்லாத வீடு இன்று எங்கே இருக்கிறது? பிள்ளைகள் அதை வைத்துக்கொண்டு உட்கார்ந்தே இருக்கிறார்கள் என்று குறைப்படுகிறோம். அதே கைப்பேசி பிள்ளையை ஓட வைக்கட்டுமே.

கடிகாரமே வேண்டாத ஓர் அளவையும் இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். வேலை முடிந்து வந்த அப்பா, வாசலில் பந்தைக் கையில் பிடித்து, தோளுயரத்துக்குக் கையை நீட்டிக்கொண்டு நிற்க வேண்டும். பிள்ளை மூன்று மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். அப்பா சொல்லாமல் கொள்ளாமல் பந்தை விட்டுவிட வேண்டும். பந்து ஒரு தடவை எழும்பி, இரண்டாவது முறை தரையைத் தொடுவதற்குள் பிள்ளை ஓடிப் பிடிக்க வேண்டும். பிடித்தால் அரை மீட்டர் பின்னால் போகட்டும். பிடிக்க முடியாத தூரம் எதுவோ அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இதில் என்ன விசேஷம் என்றால், பந்தே கடிகாரமாகிவிடுகிறது. டென்னிஸ் பந்துக்கு விதி உண்டு. 254 செண்டிமீட்டர் உயரத்திலிருந்து விட்டால் 135-க்கும் 147-க்கும் இடையில் எழும்ப வேண்டும். அதாவது பாதிக்குக் கொஞ்சம் மேல். ஒன்றரை மீட்டரிலிருந்து விட்டால் கீழே விழ அரை விநாடிக்கு மேல், எழும்பி மறுபடி விழ முக்கால் விநாடிக்கு மேல். மொத்தம் ஏறக்குறைய 1.4 விநாடி. சற்று முன் சொன்ன எதிரியின் பந்துக்கும் ஏறக்குறைய இதே அவகாசம்தானே! பந்து பழசாகி எழும்பல் குறைந்தால் அவகாசமும் குறையும், ஆகையால் ஒரே பந்தை வைத்துக்கொள்ளுங்கள். அப்பாவுக்குக் கை வலித்தால் அம்மா நிற்கட்டும். ஆனால் உயரம் மாறக் கூடாது. சுவரில் ஒரு கோடு போட்டுவிடுங்கள்.

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல வந்ததற்கு வருகிறேன். அளந்த கணக்கை என்ன செய்வது? பள்ளிப் பலகையில் முதல், இரண்டாவது, மூன்றாவது என்று ஒட்டுவதா? தயவு செய்து வேண்டாம். நம் நாட்டில் ஒரு வகுப்பில் ஜனவரி மாதம் பிறந்த பிள்ளையும், அதே ஆண்டு டிசம்பரில் பிறந்த பிள்ளையும் ஒன்றாக உட்கார்ந்திருக்கிறார்கள். ஏறக்குறைய ஒரு வருட வித்தியாசம். எட்டு வயதில் ஒரு வருடம் என்றால் எட்டில் ஒரு பங்கு! கனடாவில் பனிவளைகோல் ஆட்டக்காரர்களை ஆராய்ந்து 1985-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. தேர்ந்தெடுக்கப்பட்டவர்களில் ஆண்டின் முதல் மாதங்களில் பிறந்தவர்கள் மிகுதியாகவும், கடைசி மாதங்களில் பிறந்தவர்கள் குறைவாகவும் இருந்தார்கள். டிசம்பர் பிள்ளைகளுக்குக் கால் இல்லையா என்ன? சின்ன வயதில் ஒதுக்கப்பட்டார்கள், அவ்வளவுதான்.

இன்னொன்று. பெண் பிள்ளைகள் பெரும்பாலும் பன்னிரண்டு வயதையொட்டியும், ஆண் பிள்ளைகள் பதினான்கையொட்டியும் மளமளவென்று வளர்கிறார்கள். சிலருக்கு இரண்டு வருடம் முந்தும், சிலருக்கு இரண்டு வருடம் பிந்தும். ஆறாம் ஆண்டு வகுப்பில் ஒருத்தி அம்மா உயரம் இருப்பாள். அவள் பக்கத்தில் இருக்கும் பையன் மூன்றாம் ஆண்டுப் பிள்ளை போல இருப்பான். இவர்களைப் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிட்டு "நீ மெதுவானவன்" என்று தீர்ப்பு எழுதலாமா? அதோடு, மளமளவென்று வளரும் மாதங்களில் சில பிள்ளைகளின் நேரம் குறைவதற்குப் பதிலாகக் கூடும். கை கால் நீண்டுவிட்டது, மூளைக்கு அந்தப் புதிய அளவு இன்னும் பழகவில்லை. காப்பிக் கோப்பையைத் தட்டிவிடுவான், படியில் இடறுவான். "சோம்பேறி ஆயிட்டான் சார், போன வருஷம் எப்படி ஓடுனான் தெரியுமா" என்று அப்பாமார் என்னிடம் சொல்வார்கள். சோம்பல் இல்லை ஐயா. சுவரில் உயரத்தைக் குறித்துப் பாருங்கள். மூன்று மாதத்தில் கோடு ஏறியிருக்கும்.

ஆகவே பிள்ளைக்கு ஒரு நோட்டுப் புத்தகம். போன முறை அவனுடைய நேரம், இந்த முறை அவனுடைய நேரம். பக்கத்து வீட்டுப் பிள்ளையின் நேரம் அந்த நோட்டில் வேண்டாம்.

வளரும் வயதில் முழங்காலுக்குக் கீழே, முன்பக்கத்து எலும்பு மேட்டில் வலி என்று பிள்ளை சொன்னால் அதைச் சாக்கு என்று தள்ளாதீர்கள். ஓடி, குதித்து, திடீரென்று நிற்கிற பிள்ளைகளுக்கு இந்த வயதில் வரக்கூடியதுதான். தைலம் தேய்த்து மறுபடி ஓடவிடுவதற்குப் பதில், குதிப்பதை நிறுத்தி ஓய்வு கொடுங்கள். வலி நீடித்தால் கிளினிக்குக்கு அழைத்துப் போங்கள்.

இனி, வேகத்தைக் கூட்டுவது எப்படி? திடலைப் பத்துச் சுற்று ஓடச் சொல்வதுதான் பயிற்சி என்று நம்மிடம் ஒரு பழக்கம் இருக்கிறது. அதனால் மூச்சு வளரும், மறுக்கவில்லை. ஆனால் மெதுவாக நெடுநேரம் ஓடிப் பழகிய கால், மெதுவாக நெடுநேரம் ஓடுவதில்தான் தேறும். டென்னிஸில் ஒரு புள்ளிக்கான ஆட்டம் பெரும்பாலும் பத்து விநாடிக்குள் முடிந்துவிடும். பிறகு அடுத்த புள்ளிக்கு 25 விநாடி வரை அவகாசம் உண்டு என்கிறது விதி. பயிற்சியும் அப்படியே இருக்கட்டும். ஐந்து முதல் பத்து விநாடி முழு மூச்சாக. அரை நிமிடம் அல்லது அதற்கு மேலும் நடந்தபடி ஓய்வு. பத்துத் தடவை போதும். வாரத்துக்கு இரண்டு அல்லது மூன்று நாள், இருபது நிமிடம். களைத்த பிறகு வேகப் பயிற்சி செய்யக் கூடாது. களைத்த கால் மெதுவாக ஓடத்தான் பழகும். "இன்னும் ஒன்னு, இன்னும் ஒன்னு" என்று கத்துகிற பெற்றோர் கொஞ்சம் தள்ளி உட்காருவது நல்லது.

முதலில் நிற்கப் பழக்குங்கள். பிள்ளைகள் ஓடுவதற்குத் தயங்குவதே நிற்கத் தெரியாததால்தான். விழுந்துவிடுவோம் என்ற பயத்தில் கடைசி இரண்டு எட்டில் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்வார்கள். முழங்காலை மடக்கி, இடுப்பைத் தாழ்த்தி, வெளிப்பக்கத்துக் காலை ஊன்றி நிற்க வேண்டும். ஒரு படி உயரத்திலிருந்து குதித்துச் சத்தமில்லாமல் இறங்கச் சொல்லுங்கள். "தொப்" என்று சத்தம் கேட்டால் முழங்கால் மடங்கவில்லை என்று அர்த்தம். பூனை இறங்குகிற மாதிரி இறங்கட்டும்.

அடுத்தது சிறுதாவல். எதிரி பந்தை அடிக்கிற அதே நேரத்தில் இரண்டு காலாலும் தரையிலிருந்து நான்கு விரல் உயரம் எழும்பி, கால் அகட்டி இறங்குவது. தொலைக்காட்சியில் எந்த நல்ல ஆட்டக்காரரை வேண்டுமானாலும் பாருங்கள், ஒவ்வொரு அடிக்கும் இதைச் செய்வார். பந்தைப் பார்க்காமல் காலை மட்டும் பாருங்கள், அப்போதுதான் தெரியும். இறங்கும்போது கால் அமுங்கிய வில் போல ஆகிவிடுகிறது. எந்தப் பக்கம் என்று தெரிந்ததும் அந்தப் பக்கம் தள்ள வேண்டியதுதான். நட்ட கம்பம் போல நின்று கிளம்புகிற பிள்ளைக்கும் இவனுக்கும் இடையில்தான் நான் சொன்ன அந்த 80 செண்டிமீட்டர் இருக்கிறது. கயிறு தாண்டுகிற பிள்ளைக்கு இது சீக்கிரம் வரும். கயிற்றுக்குக் கொஞ்சம் காசு ஆகும். வேண்டாம் என்றால் கொடிக்கயிற்றில் மிச்சம் இருக்கிறதை வெட்டிக் கொடுங்கள்.

முன்கூட்டிப் பார்ப்பதும் பழக்கம்தான். ஆட்டக்காரர் பந்தை அடிக்கும் படத்தைப் பாதியிலேயே நிறுத்தி, "பந்து எங்கே போகும்?" என்று கேட்டுப் பார்த்த ஆய்வுகள் பல உண்டு. நன்கு பழகியவர்கள் தோளையும் மட்டையையும் பார்த்தே புதியவர்களைவிடச் சரியாகச் சொன்னார்கள். 1954-இல் விம்பிள்டன் இளையோர் பட்டத்தை வென்று, 1960, 1961 ஆண்டுகளில் அங்கே அரையிறுதி வரை போன தமிழ்நாட்டுக்காரர் ராமநாதன் கிருஷ்ணன், அசுர பலத்தால் ஆடியவர் அல்லர். கை நயத்தாலும் கணிப்பாலும் ஆடியவர். இன்னொரு பக்கம் மைக்கேல் சாங்கைப் பாருங்கள். 175 செண்டிமீட்டர் உயரம். டென்னிஸ் உலகில் அது குள்ளம். அவர் 1989-இல் பிரெஞ்சுப் பொதுப் போட்டியை வென்றபோது வயது பதினேழுதான். எந்தப் பந்தையும் விடாமல் ஓடிப் பிடித்தே பெரிய பெரிய ஆட்டக்காரர்களைக் களைக்க வைத்தார்.

பயிற்சி என்றதும் விசில் ஊதி வரிசையாக நிற்க வைக்க வேண்டியதில்லை. கிளித்தட்டு நினைவிருக்கிறதா? மலாய்ப் பிள்ளைகள் காலா பாஞ்சாங் என்று ஆடுவதும் ஏறக்குறைய அதே ஆட்டம்தான்; பூப்பந்துக் களத்துக் கோட்டிலேயே ஆடுவார்கள். கோட்டைக் காக்கிறவன் கோட்டை விட்டு விலகாமல் பக்கவாட்டில் ஓட வேண்டும், எதிரி எந்தப் பக்கம் நழுவுவான் என்று கண்ணைப் பார்த்துக் கணிக்க வேண்டும், பாய்ந்து தொட வேண்டும், உடனே நின்று மறுபக்கம் திரும்ப வேண்டும். நான் சொன்ன நாலு வேலையும் இதற்குள் இருக்கிறது! பாட்டிமார் இதை விளையாட்டு என்று நினைத்துச் சொல்லிக் கொடுத்தார்கள். வாரத்தில் ஒரு நாள் புறப்பாட நேரத்தில் இருபது நிமிடம் இதற்கு ஒதுக்குமாறு ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறேன். பெண் பிள்ளைகளையும் சேர்த்து. ஆறாம் ஆண்டு வரை ஓடிக்கொண்டிருந்த பெண்ணை இடைநிலைப்பள்ளிக்குப் போனதும் "இனிமே எதுக்கு ஓட்டமும் ஆட்டமும்" என்று நிறுத்திவிடுகிற அம்மாமார் இங்கேயும் இருக்கிறீர்கள். நீங்கள் அவளை நிறுத்துகிற வயது, அவளுடைய கால் ஊக்கமெடுக்கிற வயது.

கடைசியாக, டென்னிஸ் ஆட முழுத் திடல் வேண்டும் என்ற எண்ணத்தையும் விட்டுவிடலாம். 2012 முதல், பத்து வயதுக்குட்பட்டோர் போட்டிகளில் வழக்கமான மஞ்சள் பந்தைப் பயன்படுத்தக் கூடாது என்று சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பு விதி செய்திருக்கிறது. அவர்களில் சிறியவர்களுக்கு மெதுவாக வரும் சிவப்புப் பந்து. அதற்கு ஏற்ற சிறிய களம். அந்தச் சிறிய களம் ஏறக்குறைய 11 மீட்டர் நீளம், ஐந்தரை மீட்டர் அகலம். நம் பூப்பந்துக் களம் 13.4-க்கு 6.1. உள்ளே அடங்கிவிடுகிறது. வலையை இடுப்பளவுக்கு இறக்கிக் கட்டினால் போதும். நாலு சின்ன மட்டையும் ஒரு டஜன் சிவப்புப் பந்தும் வாங்கிக் கொடுப்பது பற்றிப் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தார் அடுத்த கூட்டத்தில் பேச வேண்டும் என்று இந்த மேடையிலேயே கேட்டுவிடுகிறேன். தலைவர் முன்வரிசையில் இருக்கும்போது கேட்டால்தான் உண்டு.

பந்து வரும் வரை காத்திருக்க வேண்டாம். சுண்ணாம்பு இருக்கிறது, களம் இருக்கிறது. நோட்டின் முதல் பக்கத்தில் பிள்ளையின் பெயர், பிறந்த மாதம், உயரம், தேதி. அதன் கீழே சிலந்தி ஓட்டத்தின் மூன்று நேரங்கள். அதற்குக் கீழே அப்பா பந்தை விட்டபோது பிடித்த தூரம். கடைசி வரியில், பந்தை விட்டவரின் கையெழுத்து. மூன்று மாதம் கழித்து அடுத்த பக்கம்.